சதுரத் துளை

நுழையும்முன்

செதுக்கி எடுத்த உருவத்தைப் போற்றும் நாம், செதுக்கி நீக்கிய இடத்தை நோக்குவதில்லை. சுவிட்சு ஒன்று பொருந்துவதற்காகப் பலகையில் வெட்டப்படும் சிறு சதுரத்தின் பின்னே தச்சுநுட்பமும் வடிவியலும் இயற்பியலும் ஒருங்கே நிற்கின்றன. தேவகோட்டையின் பழைய வீடொன்றில் கண்ட ஒரு நாள் வேலையை முன்வைத்து இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

குழலில் இருப்பது துளை. குடத்தில் இருப்பது ஓட்டை. இரண்டும் வெற்றிடமே. ஆயினும் தமிழ் இவ்விரண்டையும் ஒரு சொல்லால் குறிப்பதில்லை. வேண்டுமென்றே இடப்பட்டது துளை. வேண்டாதிருக்க நேர்ந்தது ஓட்டை. துணியில் விழுந்தால் பொத்தல். மரத்தில் தானே அமைந்தால் பொந்து. ஊசிக்குக் காது, சல்லடைக்குக் கண், உறைக்கு வாய். துளையிடாத மணியைத் ‘தோளாமணி’ என்று கூறும் வழக்கும் நம் மொழியில் உண்டு. துளையிடுதல் ஒரு தனித்த திறன் என்பதைக் கைத்தொழில் செய்தோர் உணர்ந்திருந்தமையால்தான் இத்தனை சொற்கள் தோன்றின என்று கருதத் தோன்றுகிறது.

இத்துளைகளுள் பெரும்பாலானவை வட்டமானவை. வட்டத் துளை எளிது. கூர்முனையுள்ள ஒன்றைச் சுழற்றினால் போதும். வட்டம் தானே அமைந்துவிடும். சதுரம் அவ்வாறன்று. சுழலும் கருவி எதுவும் தன் போக்கில் மூலையை உண்டாக்காது. நான்கு மூலைகளையும் கை தேடிச்சென்று வெட்ட வேண்டும். இன்று நம் வீடுகளின் சுவரில் சுவிட்சுகள் வரிசையாகப் பொருந்தியிருக்கும் பலகை ஒவ்வொன்றிலும் இந்த வேலை மறைந்திருக்கிறது.

ஒரு சுவரும் ஒரு பலகையும்

சில ஆண்டுகளுக்கு முன் தேவகோட்டையில் நண்பர் ஒருவரின் மூதாதையர் வீட்டிற்குச் சென்றிருந்தேன். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என நீண்டு, ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் செட்டிநாட்டு வீடு அது. குடும்பத்தினர் பல ஊர்களில் வாழ்கின்றனர். திருமணம், படைப்பு போன்ற நாள்களில்தான் வீடு நிறைகிறது. அவ்வாண்டு ஒரு திருமணத்திற்காக மின்கம்பிகளை எல்லாம் புதுப்பிக்க முடிவு செய்திருந்தனர். பழைய கம்பிகளின் உறை இற்றுப் போயிருந்தது. ஆகவே முடிவு சரியானதே.

முதலில் வந்த மின்பணியாளர், இக்கால வழக்கப்படி, கம்பியைச் சுவருக்குள் மறைத்து இழுக்க எண்ணினார். வளவின் ஒரு சுவரில் வெட்டும் பொறியை வைத்தார். செட்டிநாட்டுச் சுவர்ப்பூச்சு சுண்ணாம்பை நன்கு அரைத்துப் பல படலங்களாகப் பூசி, இறுதிப் படலத்தில் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்து மெருகேற்றப்படுவது. தொட்டால் சலவைக்கல் போலக் குளிர்ந்திருக்கும். பொறியின் அதிர்வு தாங்காமல் அப்பூச்சு, வெட்டிய கோட்டிற்கு ஒரு சாண் அப்பாலும் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. பெயர்ந்த இடத்தைச் சிமெண்டால் அடைத்தனர். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்வாங்கிப் பின் வெளிவிடும் இயல்புடையது. சிமெண்டு அவ்வளவு எளிதில் விடாது. ஆதலால் ஈரம் ஒட்டின் விளிம்பில் தேங்கி, அடுத்த மழைக்காலத்திற்குள் சுற்றியிருந்த பழைய பூச்சும் உதிரத் தொடங்கியது. அந்தச் சுவரை இனிப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல் எளிதன்று.

இரண்டாவது சுவருக்குப் பொறியைக் கொண்டு செல்லும்போது, வீட்டின் மூத்த ஆச்சி தடுத்துவிட்டார். “செவத்தத் தொட வேண்டாம். பலகையிலயே வையுங்க” என்றார். உள்ளூர்த் தச்சர் ஒருவர் அழைக்கப்பட்டார். சுவரில் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்த தேக்குப் பலகைகளைக் கழற்றி, அவற்றிலேயே புதிய சுவிட்சுகளுக்குத் துளை வெட்டித் தருமாறு அவரிடம் கூறப்பட்டது. பலகைகள் பர்மாத் தேக்கு. வாணிகத்தின் பொருட்டுப் பர்மாவிற்குச் சென்ற நகரத்தார் அங்கிருந்து கப்பலில் கொணர்ந்த மரத்தின் எச்சம். ஒன்று பிளந்தாலும் அதற்கு ஈடாக மற்றொன்றைத் தேட முடியாது. காரைக்குடியின் முனீசுவரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளில் இடிக்கப்பட்ட வீடுகளின் நிலைகளும் தூண்களும் கிடைக்கலாம். அதே பலகை கிடைக்காது.

வட்டத்திலிருந்து சதுரத்திற்கு

அப்பலகைகளில் அதுவரை சதுரத் துளை இல்லாமைக்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இலும் மேட்டூர் 1937-இலும் பாபநாசம் 1944-இலும் இயங்கத் தொடங்கின. மின்சாரம் நகரங்களிலிருந்து சிற்றூர்களுக்குப் பரவிய அக்காலத்தில் வழங்கிய சுவிட்சு வட்ட வடிவினது. பீங்கான் அடிப்பகுதி, அதன்மேல் பித்தளை அல்லது கருநிற மூடி, நடுவே மேலும் கீழும் அசையும் சிறு குமிழ். வட்ட மரக்கட்டையின் மேல் அது திருகாணியால் பொருத்தப்படும். கம்பி நுழைவதற்குக் கட்டையில் இரண்டு சிறிய வட்டத் துளைகள் போதும். சுவிட்சு முழுவதும் பலகைக்கு வெளியே நிற்கும். தச்சருக்கு அதில் பெரிய வேலை இல்லை.

அக்குமிழின் உள்ளே இருந்த நுட்பம் 1884-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்பவர் கண்டது. மின்சுற்றை மெதுவாகப் பிரித்தால், பிரியும் இரு உலோக முனைகளுக்கிடையே மின்வில் எழுந்து முனைகளைத் தீய்க்கும். விரல் எவ்வளவு மெதுவாக அசைந்தாலும், உள்ளிருக்கும் சுருள்வில் முனைகளை நொடியில் பிரிக்குமாறு அவர் அமைத்தார். இன்றும் நாம் கேட்கும் ‘டக்’ என்னும் ஒலி அவ்வில்லின் ஒலியே. ஈழத்தமிழர் சுவிட்சை ‘ஆளி’ என்பர். மின்னோட்டத்தை ஆள்வது என்னும் பொருள்பட அமைந்த அச்சொல் எனக்கு மிகவும் உவப்பானது. நம் பக்கத்தில் ஏனோ அது வேரூன்றவில்லை.

பின்னர்ப் பியானோவின் கட்டை போன்ற தட்டையான சுவிட்சு வந்தது. இதன் உடல் பலகைக்குப் பின்னே மறைந்திருக்கும். விரல் படும் முகம் மட்டும் துளை வழியே எட்டிப் பார்க்கும். மேலும் கீழும் இரண்டு திருகாணிகள் அதனைப் பலகையோடு இறுக்கும். துளையின் விளிம்பை மூடுவதற்கு வேறு சட்டம் எதுவும் இல்லை. வெட்டு கோணினால் கோணல் ஊரறியத் தெரியும். பலகையும் மாறியது: தேக்கின் இடத்தில் ‘ஹைலம்’ என்று கடைகளில் வழங்கும் தகடு வந்தது. தாள் அடுக்குகளைப் பிசினில் தோய்த்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இறுக்கியது அது. மின்சாரம் கடத்தாது, வளையாது, ஆனால் தவறாகத் தொட்டால் சில்லாகப் பெயரும்.

துளை பெரிதானால் அழகு மட்டுமா கெடும்? நம் ஊர்களில் சுவிட்சுப் பெட்டிக்குள் பல்லியும் எறும்பும் புகுவது அன்றாடச் செய்தி. உடலால் இரு முனைகளை இணைத்துவிட்ட பல்லி மாண்டுபோவதோடு சுற்றும் பழுதாகும். குழந்தையின் கையிலுள்ள ஊக்கோ கம்பியோ அவ்விடைவெளியில் நுழைந்தால் நேரக்கூடியதைக் கூற வேண்டியதில்லை. ஆகவே துளையின் அளவு பாதுகாப்பின் அளவும் ஆகும்.

வெட்டும் முறை

தச்சர் பென்சிலை எடுக்கவில்லை. கூரிய கத்திமுனையால் கோடிட்டார். பென்சில் கோட்டிற்கு அகலம் உண்டு. அதன் எந்த ஓரத்தில் வெட்டுவது என்னும் ஐயம் எழும். கத்திக்கோடு மெல்லிய பள்ளம். பின்னர் உளியை வைக்கும்போது அதன் வாய் தானே அப்பள்ளத்தில் சென்று அமரும். குறுக்கு இழைகளும் மேற்பரப்பிலேயே அறுபட்டுவிடுவதால் விளிம்பில் செதில் எழாது.

கோடிடுமுன் அவர் பலகையின் ஓர் ஓரத்தை மட்டும் இழைப்புளியால் நேராக்கி, எல்லா அளவுகளையும் அவ்வோரத்திலிருந்தே எடுத்தார். ஒரு துளையிலிருந்து அடுத்த துளையை அளந்தால் முதல் அளவின் பிழை இரண்டாவதிலும், இரண்டின் பிழையும் மூன்றாவதிலும் சேர்ந்துவிடும். ஒரே ஓரத்திலிருந்து அளந்தால் ஒவ்வொரு பிழையும் தன்னளவில் நின்றுவிடும். மூலைமட்டத்தைக் கொண்டு செங்கோணம் இட்டபின், மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பார்த்தார். 40 மில்லிமீட்டர் சதுரத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 56.6 மில்லிமீட்டர். அதன் மேற்பக்கம் 1 மில்லிமீட்டர் மட்டும் ஒருபுறம் நழுவி நின்றால், பக்கங்களை அளப்பவருக்குப் பிழை ஏறக்குறையத் தெரியாது. மூலைவிட்டங்களோ ஒன்றுக்கொன்று 1.4 மில்லிமீட்டர் வேறுபட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். பித்தாகரசு தேற்றத்தைக் கொண்டு இதனை நீங்களே சரிபார்க்கலாம்.

அடுத்து, சதுரத்திற்கு உள்ளே, கோட்டைத் தொடாமல், மூலைக்கொன்றாக நான்கு துளைகளும் இடையிடையே சில துளைகளும் துரப்பணத்தால் இட்டார். பலகைக்கு அடியில் வேண்டாத கட்டை ஒன்றை அழுத்தி வைத்திருந்தார். அடிக்கட்டை இல்லையெனில் துரப்பணம் மறுபுறம் வெளிப்படும் கணத்தில் அங்குள்ள இழைகளைத் தள்ளிப் பிய்த்துவிடும். பிறகு உளியும் கொட்டாப்புளியும் வந்தன.

மரம் இரு திசைகளிலும் ஒரே தன்மை உடையதன்று என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். இழைகளின் போக்கில் உளியை அடித்தால் மரம் வெட்டுப்படாது, பிளக்கும். பிளவு கோட்டைத் தாண்டி ஓடும். ஆதலால் இழைகளுக்குக் குறுக்கான இரு பக்கங்களையே முதலில் வெட்ட வேண்டும். அவ்விரு வெட்டுகளும் வேலியாக நின்றபின், இழைப்போக்கிலுள்ள பக்கங்களைச் சிறிது சிறிதாகச் சீவலாம். உளியின் தட்டையான முகம் நிலைக்க வேண்டிய மரத்தை நோக்கியும், சரிந்த முகம் நீங்க வேண்டிய மரத்தை நோக்கியும் இருக்க வேண்டும். திருப்பிப் பிடித்தால் சரிவு ஓர் ஆப்பாக மாறி, உளியைக் கோட்டிற்கு வெளியே தள்ளிவிடும். பாதி ஆழம் சென்றதும் தச்சர் பலகையைத் திருப்பி, மறுபுறத்திலிருந்து வெட்டினார். இரு வெட்டுகளும் பலகையின் நடுவே சந்தித்தன.

ஆவலால் நானும் ஒரு துளைக்கு உளி பிடித்தேன். பழைய மரம் என்னும் அச்சத்தில் கை நடுங்கியது. “கோட்டு மேல நிக்காதீங்க சார். கோட்டுக்கு உள்ள நில்லுங்க. எடுத்த மரம் திரும்ப வராது” என்றார் அவர். கோட்டிற்கு உள்ளே அரை மில்லிமீட்டர் விட்டு நின்று, கடைசியில் அரத்தால் மெல்லத் தேய்த்துச் சுவிட்சை வைத்துப் பார்ப்பதும், மீண்டும் தேய்ப்பதும், மீண்டும் வைத்துப் பார்ப்பதுமே முறை. என் துளை ஒன்று முடிவதற்குள் அவர் மூன்றை முடித்திருந்தார். என்னுடையதைக் கதவுக்குப் பின்னே மறையும் இடத்தில் பொருத்துமாறு நானே கேட்டுக்கொண்டேன்.

செட்டிநாட்டுத் தச்சருக்கு இவ்வேலை புதிதன்று. கதவு நிலையின் மேற்சட்டமும் பக்கச்சட்டமும் ஆணியால் இணைக்கப்படுவதில்லை. ஒன்றில் சதுரத் துளையிட்டு, மற்றொன்றின் முனையை அத்துளைக்கேற்பச் செதுக்கி நுழைத்து, குறுக்கே மரமுளை அடிப்பர். அவ்வீட்டின் வாயில்நிலையைத் தாங்குவதும் இத்தகைய துளையே. சுவிட்சுக்கான துளை அதன் மிகச் சிறிய தம்பி.

ஹைலம் தகட்டிற்கு உளி ஆகாது. துளைகளை வரிசையாக இட்டபின், இரும்பறுக்கும் வாளின் உடைந்த அலகு ஒன்றைத் துணி சுற்றிப் பிடித்து அறுப்பது மின்பணியாளர் பலரின் வழக்கம். அரம் தகட்டின் முகத்திலிருந்து பின்புறம் நோக்கித் தள்ளும்போது மட்டும் தேய்க்க வேண்டும். முகம் நோக்கி இழுத்தால் மேலடுக்கு பெயரும். அத்தூள் நுரையீரலுக்குத் தீங்கானது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு செய்தல் வேண்டும். இதனைப் பலர் பொருட்படுத்துவதில்லை என்பது வருந்தத்தக்கது.

மூலையில் ஏன் வட்டத் துளை?

மூலைகளில் முதலில் வட்டத் துளை இடுவது அறுக்கும் வாள் திரும்புவதற்கு இடம் தருவதற்காக என்றே பலரும் எண்ணுவர். அது பாதி உண்மை. மீதிப் பாதி இயற்பியலில் உள்ளது.

ஒரு தகட்டை இருபுறமும் இழுப்பதாகக் கொள்வோம். துளை இல்லாதபோது தகைவு எங்கும் சமமாகப் பரவும். நடுவே துளை இருந்தால், அதன் வழியே செல்ல இயலாத விசை அதனைச் சுற்றிக்கொண்டு செல்ல வேண்டும். ஓடையின் நடுவே பாறை இருந்தால் நீர் பாறையின் இருமருங்கிலும் நெருங்கி விரைவது போல. அகன்ற தகட்டிலுள்ள சிறிய வட்டத் துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகிறது என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் 1898-இல் கணக்கிட்டார். துளையின் முனை கூர்மையாகக் கூர்மையாக அம்மடங்கு ஏறிக்கொண்டே செல்லும் என்பதை ஆங்கிலேயப் பொறியாளர் இங்கிலிஸ் 1913-இல் நிறுவினார். கத்தியால் கீறியது போன்ற கூர்மூலை விரிசலின் பிறப்பிடம். ஹைலம் தகட்டில் திருகாணியைச் சற்று மிகையாக முறுக்கினால், வெடிப்பு எப்போதும் துளையின் மூலையிலிருந்தே கிளம்புவதை மின்பணியாளர் எவரும் கூறுவர்.

இவ்வுண்மைக்கு உலகம் கொடுத்த விலை பெரிது. 1952-இல் பயணிகள் போக்குவரத்திற்கு வந்த ‘காமெட்’, உலகின் முதல் பயணிகள் தாரை விமானம். 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு காமெட் விமானங்கள் இத்தாலியக் கடற்பகுதியில் வானிலேயே சிதறி வீழ்ந்தன. இங்கிலாந்தின் பார்ன்பரோவில், மற்றொரு காமெட்டின் உடலைப் பெரிய நீர்த்தொட்டிக்குள் வைத்து, பறக்கும்போது நேர்வதைப் போல உட்புற அழுத்தத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினர். உடல் கிழிந்தது. சன்னல் போன்ற திறப்புகளின் மூலைகளருகே தகைவு எதிர்பார்த்ததைவிட மிகுந்திருந்ததும், உலோகம் சலிப்புற்று அங்கே விரிசல் தொடங்கியதும் தெரியவந்தன. தச்சர் பயன்படுத்தும் துரப்பணம் அறிவது பலகையின் மூலையை மட்டுமே. ஆயினும் அம்மூலையில் நிகழ்வதும் இதுவே.

தெரிந்து தெளிவோம்

சமபக்க முக்கோணம் ஒன்றின் ஒவ்வொரு முனையையும் மையமாகக் கொண்டு, எதிரேயுள்ள இரு முனைகளையும் இணைக்கும் வட்டவில் வரைந்தால் கிடைக்கும் உப்பிய முக்கோணம் ‘ரூலோ முக்கோணம்’ எனப்படும். எப்பக்கம் அளந்தாலும் அதன் அகலம் ஒன்றே. ஆதலால் அதே அகலமுள்ள சதுரத்திற்குள் நான்கு பக்கங்களையும் தொட்டவாறே அது சுழலும். சுழலும்போது சதுரத்தின் பரப்பில் ஏறத்தாழ 98.8 விழுக்காட்டைத் தொட்டுவிடும். மூலைகள் மட்டும் சிறிது வளைந்திருக்கும். இதன் அடிப்படையில் சதுரத் துளையிடும் துரப்பணத்திற்கு அமெரிக்காவில் வாட்ஸ் என்பவர் 1917-இல் காப்புரிமை பெற்றார். சுழலும்போது அதன் மையம் ஓரிடத்தில் நில்லாது அலைவதால், அதனைப் பிடிப்பதற்கும் தனி அமைப்பு வேண்டும்.

மர ஆலைகளில் இதனினும் எளிய வழி ஒன்று உண்டு. உள்ளீடற்ற சதுர உளி ஒன்றின் நடுவே துரப்பணம் சுழலும். துரப்பணம் வட்டத்தைக் குடையும்போதே, சுற்றியுள்ள உளி அழுத்தத்தால் நான்கு மூலைகளையும் சீவி இறங்கும். தொழிற்சாலைகளின் மின்பலகங்களில் அளவிகளைப் பொருத்துவதற்கோ துளையின் அளவே நெறிப்படுத்தப்பட்டுள்ளது: 96 மில்லிமீட்டர் சதுர முகப்புள்ள அளவிக்கு 92 மில்லிமீட்டர் சதுரத் துளை; அதற்குக் குறையலாகாது, 0.8 மில்லிமீட்டர் வரை கூடலாம். எந்த நாட்டில் செய்த அளவியும் எந்த நாட்டில் வெட்டிய துளையிலும் அமரும். முகப்பின் விளிம்பு சிறு கோணலை மறைத்துவிடும்.

தேவகோட்டை வீட்டில் வேலை முடிவதற்கு நான்கு நாள்கள் ஆயின. சுவருக்கு வெளியே, பழைய மரப்பட்டிகள் சென்ற தடத்திலேயே புதிய பட்டிகள் பொருத்தப்பட்டு, அவற்றுள் புதிய கம்பிகள் சென்றன. பழைய வட்டச் சுவிட்சுகளின் திருகாணித் தடங்களை அடைக்க, தச்சர் துளைகளிலிருந்து வெட்டியெடுத்த தேக்குத் துண்டுகளையே முளைகளாகச் சீவி, இழைப்போக்கு ஒத்துவருமாறு திருப்பிச் செருகினார். எண்ணெய் தடவியபின் அவை இருந்த இடம் தெரியவில்லை. எஞ்சிய துண்டுகளை ஆச்சி ஒரு டப்பாவில் இட்டு அலமாரியில் வைத்தார். வளவின் முதல் சுவரில் சிமெண்டுக் கோடு அப்படியே இருக்கிறது.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரிலுள்ள தச்சர் அல்லது மின்பணியாளர் ஒருவரின் பணியிடத்திற்குச் சென்று, அவர் கருவிகளுக்கு வழங்கும் பெயர்களைக் கேட்டுத் தொகுத்து, வகுப்பில் பகிர்க.

தடித்த அட்டையில் ரூலோ முக்கோணம் ஒன்றை வெட்டி, அதே அகலமுள்ள சதுரச் சட்டத்திற்குள் சுழற்றிப் பார்த்து, அதன் மையம் செல்லும் பாதையை வரைக.